விழுந்த இடம் ஒன்று, சறுக்கிய இடம் வேறு

கைபேசியில் ஒரு செயலி திடீரென்று மூடிக்கொண்டால், பாவம், செத்துவிட்டது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது தானாகச் சாவதில்லை. ஆண்ட்ராய்டோ ஐஓஎஸ்ஸோ விண்டோஸோ, அதை நடத்துகிற இயங்குதளம்தான் அதன் கதையை முடிக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. தனக்கு ஒதுக்காத நினைவகத்தில் கைவைத்த செயலியையோ, இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பிக் கணக்குப் போடத் தொடங்கிய செயலியையோ மேலும் ஓடவிட்டால், அது சேமித்து வைத்த செய்திகளையே கெடுத்துவிடக்கூடும். அதனால் அந்த இடத்திலேயே இயங்குதளம் அதை நிறுத்திவிடுகிறது. நமக்கு எரிச்சலூட்டும் அந்த மூடல், சேதம் பரவாமல் தடுக்கும் ஏற்பாடு.

சிக்கல் என்னவென்றால், செயலி விழுகிற இடம் மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது. சறுக்கிய இடம் வேறெங்கோ இருக்கும்: நேற்று இரவு தானாக வந்து இறங்கிய புதுப்பிப்பில், கண்காணாத ஊரிலுள்ள சர்வரில், சக ஊழியர் ஒருவர் ஒட்டிய ஒற்றை வரியில், சில நேரம் இன்னொரு மென்பொருளில். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை எப்படிக் கடப்பது என்பதே இந்த அத்தியாயம்.

ஓர் அலுவலகம், ஒரு புகார்

தேவனாம்பட்டினத்தில் ஒரு மீன் ஏற்றுமதி அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெள்ளிக் கடற்கரைக்குப் போகிற சாலையில், மாடியில் நாலு மேசை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலை ஏலத்தைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர், பரங்கிப்பேட்டையில் ஒருவர், சிதம்பரத்தில் கணக்குப் பார்க்கும் பெண் ஒருவர். எல்லோரையும் இணைப்பது ஓர் அலுவலக அரட்டைச் செயலி. அதில் "ஏலம்" என்று ஒரு குழு. எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை என்பதெல்லாம் படமும் குரலும் எழுத்துமாக அதில் வந்து விழும்.

ஒரு திங்கட்கிழமை காலை சிதம்பரத்திலிருந்து போன் வருகிறது.

"அண்ணே, அந்த ஆப் தொறந்தா மூடிக்குது."

"நெட் இருக்காம்மா?"

"நெட் நல்லா இருக்கு, யூட்யூப் ஓடுது. இது மட்டும்தான் நிக்க மாட்டேங்குது."

"சரி, அழிச்சிட்டு மறுபடியும் ஏத்திப் பாரு."

இந்த நாலு வரியில் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது, ஒரு நல்ல பதில் இருக்கிறது, ஓர் அவசர வைத்தியமும் இருக்கிறது. நெட் உண்டா என்று கேட்டது சரி. யூட்யூப் ஓடுவதை வைத்துப் பதில் சொன்னது அதைவிடச் சரி; நெட்டின் மீதிருந்த சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது மட்டும் அவசரம். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

நாலு நோய்க்கும் ஒரே பெயர்

"ஆப் ஓடவில்லை" என்ற புகாருக்குள் குறைந்தது நாலு வேறுவேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும்.

முதலாவது, இணைப்பு இல்லாமை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. மாவட்டத்தின் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. மின்சாரம் இல்லாத இடத்தில் கைபேசிக் கோபுரமும் நெடுநேரம் தாங்காது. அப்படிப்பட்ட நாளில் ஓர் அரட்டைச் செயலி திறக்கும். பழைய செய்திகளைக் காட்டும். புதியதை அனுப்ப முடியாமல் கடிகாரக் குறியைக் காட்டிக்கொண்டு நிற்கும். அது விழவில்லை, காத்திருக்கிறது.

இரண்டாவது, சர்வர் திணறுவது. சோஹோ நிறுவனத்தின் "அரட்டை" செயலி 2021இல் வெளிவந்து, நாலு ஆண்டுகள் பெரிய பரபரப்பில்லாமல் இருந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் மூன்றே நாளில், தினமும் 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் 3,50,000 பேர் சேரத் தொடங்கியதாக சோஹோவின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். நூறு மடங்குக்கும் மேல். ஓடிபி தாமதமானது, தொடர்புகள் ஒத்திசைய நேரமெடுத்தது. பயனர் கையிலிருந்த செயலியில் குறையில்லை; அதன் பின்னால் இருந்த இயந்திரங்கள் போதவில்லை. அலுவலகச் செயலிகளிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 2021 ஜனவரி 4, புத்தாண்டு விடுமுறை முடிந்த முதல் வேலைநாள், ஸ்லாக் பல மணி நேரம் தடுமாறியது. விடுமுறையில் மூடிக்கிடந்த கணினிகளெல்லாம் ஒரே நேரத்தில் திறந்து, விட்டுப்போனதை எல்லாம் கேட்டன. அமேசானின் மேகக் கட்டமைப்பில் ஸ்லாக் நம்பியிருந்த பிணைய இணைப்பகம் அந்த வேகத்துக்கு விரிந்து கொடுக்கவில்லை.

மூன்றாவது, உறைந்து நிற்பது. தொட்ட தொடுகைக்கு 5 விநாடிக்குள் செயலி பதில் தராவிட்டால், "காத்திருக்கவா, மூடவா" என்று ஆண்ட்ராய்டு கேட்கும். செயலி உயிரோடுதான் இருக்கிறது. வேறு ஏதோ கனமான வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சேமிப்பிடம் நிரம்பிவிட்ட கைபேசியில் இது அடிக்கடி வரும். பெரும்பாலான அரட்டைச் செயலிகள் செய்திகளைக் கைபேசிக்குள்ளேயே ஒரு தரவுத்தளக் கோப்பில் எழுதி வைக்கின்றன. எழுத இடமில்லையென்றால் முதலில் தடுமாறும், பிறகு விழும்.

இதற்கு ஒரு போலி உறவினரும் உண்டு. ஏலத்தில் குவியலைப் படமெடுக்க அரட்டையிலிருந்து கேமராவுக்குத் தாவுகிறீர்கள். 3 ஜிபி நினைவகம் உள்ள பழைய கைபேசியில் கேமராவுக்கே அதில் பெரும்பங்கு வேண்டும். இடம் பண்ணுவதற்காக, பின்னால் போன அரட்டைச் செயலியை ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் மூடிவிடும். படமெடுத்துத் திரும்பினால் செயலி முதலிலிருந்து திறக்கும். பாதி தட்டிய செய்தியைக் காணோம். பார்ப்பவருக்கு இது விழுந்ததாகத்தான் தோன்றும். வழுவே இல்லாத செயலிக்கும் இது நடக்கும். இதற்கு மருந்து, தேவையில்லாத செயலிகளை மூடுவதும் அடுத்த முறை கொஞ்சம் நல்ல கைபேசி வாங்குவதும்தான்.

நாலாவதுதான் உண்மையான வீழ்ச்சி. திறக்கிறது, ஒரு கணம் முகம் காட்டுகிறது, மூடுகிறது. மறுபடி திறந்தாலும் அதே கணத்தில், அதே இடத்தில். சிதம்பரத்துப் புகார் இந்த வகை.

யாருக்கு, எதில், எங்கே, எப்போதிலிருந்து

துப்பறியும் வேலை இங்கே தொடங்குகிறது. கேள்விகள் நாலுதான்.

யாருக்கு? ஒருவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா? முதுநகரில் இருப்பவர்களுக்கும் மூடினால் சர்வரையோ பொதுவான ஒரு செய்தியையோ சந்தேகிக்கலாம். சிதம்பரத்துக்கு மட்டும் என்றால் அந்தக் கைபேசி, அந்தக் கணக்கு, அந்தப் பதிப்பு.

எதில்? அதே கணக்கில் மேசைக் கணினியின் பிரவுசரில் நுழைந்து பார்க்க வேண்டும். அங்கே சரியாகத் திறந்தால் கணக்கில் குறையில்லை, சர்வரில் குறையில்லை. ஒரு நிமிட வேலையில் பாதி உலகத்தைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறோம்.

எங்கே? செயலி திறந்ததுமே மூடுகிறதா, "ஏலம்" குழுவைத் தொட்டால் மட்டும் மூடுகிறதா? வேறு குழுக்கள் திறக்கின்றன என்றால் சந்தேகம் ஒரே குழுவுக்குள் சுருங்கிவிடுகிறது.

எப்போதிலிருந்து? இதற்கு "நான் எதையும் மாத்தலையே" என்றுதான் எல்லோரும் பதில் சொல்வார்கள். அது உண்மையும்கூட. மாற்றியவர் வேறு யாரோ. 2021 மார்ச் 23 அன்று இந்தியாவில் பலருடைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்ததும் மூடிக்கொண்டன. யாரும் ஜிமெயிலைத் தொடவில்லை. ஆண்ட்ராய்டில் வெப்வியூ என்று ஒரு பொதுப் பாகம் இருக்கிறது. எந்தச் செயலியாவது தனக்குள்ளேயே ஒரு வலைப்பக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால் அதைத்தான் கூப்பிடும். கூகுள் செய்த ஒரு மாற்றத்தால் அந்தப் பாகம் கெட்டது. அதைக் கூப்பிட்ட செயலிகள் எல்லாம் விழுந்தன. விழுந்தது ஜிமெயில், சறுக்கியது வெப்வியூ. அதன் புதுப்பிப்பை நீக்கியவர்களுக்குச் செயலிகள் உடனே திரும்பின. கொஞ்ச நேரத்தில் கூகுளும் திருத்தப்பட்ட பதிப்பை அனுப்பியது.

இந்தக் கேள்விகள் எல்லாமே ஒரே உத்தியின் வடிவங்கள். சந்தேகத்துக்குரிய பரப்பைப் பாதியாக வெட்டு. எந்தப் பாதியில் கோளாறு தொடர்கிறது என்று பார். மிச்சத்தை மறுபடி பாதியாக வெட்டு. மென்பொருள் பொறியாளர்களும் இதையே செய்கிறார்கள். நேற்றைய பதிப்புக்கும் இன்றைய பதிப்புக்கும் நடுவே 1,000 மாற்றங்கள் நடந்திருந்தால், ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. 500ஆவது மாற்றத்தில் நிறுத்தி ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே நன்றாக இருந்தால் குற்றவாளி பிந்தைய பாதியில். இப்படிப் பத்தே சோதனையில் அந்த ஒரே ஒரு மாற்றத்தைப் பிடித்துவிடலாம். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024 வருகிறதல்லவா, அந்தக் கணக்குதான்.

ஒரு செய்தி போதும்

சிதம்பரத்துக் கைபேசிக்கு வருவோம். பிரவுசரில் "ஏலம்" குழு திறக்கிறது. கைபேசியில் மற்ற குழுக்கள் திறக்கின்றன. மற்றவர்களின் கைபேசிகளில் "ஏலம்" குழுவும் திறக்கிறது. நேற்று இரவு சிதம்பரத்துக் கைபேசியில் மட்டும் செயலி புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. இப்போது இரண்டு விஷயங்கள் சேர்ந்து நிற்கின்றன: புதிய பதிப்பு, அந்தக் குழுவில் இருக்கும் ஏதோ ஒன்று. புதிய பதிப்பு மட்டும் குற்றவாளி என்றால் எல்லாக் குழுவிலும் விழுந்திருக்கும். குழுவில் உள்ளது மட்டும் குற்றவாளி என்றால் எல்லோருக்கும் விழுந்திருக்கும். வழு ஒரு பக்கம் தூங்கிக்கொண்டிருக்க, அதைத் தட்டி எழுப்பும் தரவு இன்னொரு பக்கம் வர வேண்டும். இரண்டும் சந்திக்கும் கணத்தில்தான் செயலி விழுகிறது.

இப்படித் தட்டி எழுப்பும் செய்திகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 2014 டிசம்பரில், இரண்டு இந்தியப் பதின்பருவ மாணவர்கள், சிறப்புக் குறிகளால் ஆன வெறும் 2 கேபி செய்தி ஒன்றே ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பை விழவைப்பதைக் காட்டினார்கள். அந்த உரையாடலைத் திறக்கும்போதெல்லாம் விழும். மீள வேண்டுமானால் உரையாடலையே அழிக்க வேண்டும்.

2019இல் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதைவிட மோசமான ஒன்றைக் கண்டது. குழுச் செய்தியோடு, அதை அனுப்பியவரின் தொலைபேசி எண்ணும் உள்ளே பயணிக்கும். எண்ணில் இலக்கங்கள்தான் இருக்க வேண்டும். அந்த இடத்தில் இலக்கமல்லாத ஒரு குறியைப் புகுத்தினால், வாட்ஸ்அப்பின் பகுப்பி அதை எண்ணாக ஏற்காமல் "வெறுமை" என்று குறித்துக்கொள்ளும். அடுத்த வரியில் இருக்கும் நிரல், எண் கட்டாயம் இருக்கும் என்று நம்பி அந்த வெறுமையைத் தொடும். தொட்டதும் விழும். குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் விழும். செய்தி குழுவில் இருக்கும் வரை, திறக்கத் திறக்க விழுந்துகொண்டே இருக்கும். செயலியை நீக்கி மீண்டும் நிறுவி, அந்தக் குழுவையே அழித்தால்தான் விமோசனம். ஆகஸ்டில் தகவல் தெரிவித்தார்கள், செப்டம்பரில் திருத்தம் வந்தது, டிசம்பரில்தான் உலகத்துக்குச் சொன்னார்கள்.

2023 மே மாதம் இன்னொன்று. வாட்ஸ்அப்பின் சொந்த அமைப்புப் பக்கத்துக்குப் போகும் ஒரு சின்ன இணைப்பை அனுப்பினாலே, ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் ஒரு குறிப்பிட்ட பதிப்பு விழுந்தது. கைபேசியில் அந்த உரையாடலைத் திறக்க வழியில்லை. கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்தவர்கள் அந்தச் செய்தியை அங்கிருந்து அழித்துத் தப்பித்தார்கள்.

அவசர வைத்தியம் ஏன் பலிக்காது என்பதற்கும் இங்கேதான் பதில். அலுவலகச் செயலிகள் பழைய உரையாடலை சர்வரில் வைத்திருக்கும். அழித்து மறுபடி ஏற்றினால் எல்லாம் திரும்ப இறங்கும். விழவைத்த செய்தியும் கூடவே இறங்கும். அதற்குள், அனுப்பப்படாமல் கைபேசியில் மட்டும் இருந்தவை போய்விட்டிருக்கும், எந்த வரியில் விழுந்தது என்று செயலி குறித்து வைத்த பதிவும் போய்விட்டிருக்கும். தற்காலிகச் சேமிப்பான கேஷை அழிப்பதில் இழப்பில்லை, அதை முதலில் செய்யலாம். தரவை அழிப்பதும் செயலியை நீக்குவதும் கடைசி.

ஒன்பது எழுத்து, நாற்பத்தைந்து பைட்டு

எழுத்து எப்படி ஒரு செயலியை வீழ்த்தும்? திரையில் நாம் பார்க்கும் எழுத்து ஒன்று, உள்ளே இருக்கும் எழுத்து வேறு என்பதால்.

"தேவனாம்பட்டினம்" என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் ஒன்பது எழுத்து: தே, வ, னா, ம், ப, ட், டி, ன, ம். யூனிகோடுக்கு இதில் 15 குறியீடுகள். "தே" என்பது "த" ஒன்று, ஏகாரக் குறி ஒன்று; "ம்" என்பது "ம" ஒன்று, புள்ளி ஒன்று. சேமிக்கும்போது யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டு. ஆக 45 பைட்டு. அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 15 எழுத்து, 15 குறியீடு, 15 பைட்டு. மூன்று கணக்கும் ஒன்றாக இருப்பதால், ஆங்கிலத்தை மட்டும் தட்டிப் பார்க்கும் நிரலருக்கு இந்த மூன்றும் வேறுவேறு என்ற நினைப்பே வராது.

இப்போது அந்த நிரலர், அறிவிப்புப் பட்டையில் இடம் குறைவு என்று குழுவின் பெயரை 20 பைட்டோடு வெட்டிவிடுகிறார். ஆங்கிலப் பெயர் முழுதாக வரும். தமிழில் ஆறு குறியீடுகள் 18 பைட்டில் முடிந்துவிடும்: தேவனாம. ஏழாவது குறியீடு புள்ளி. அதன் மூன்று பைட்டில் இரண்டு உள்ளே, ஒன்று வெளியே. மகரத்தின் தலையில் உட்கார வேண்டிய புள்ளி பாதியில் அறுபட்டுக் கிடக்கிறது. கவனமான நிரல் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டத்தைக் காட்டிவிட்டுப் போகும். கவனமற்றது, மூன்றாவது பைட்டைத் தேடி எல்லை தாண்டும்.

2015 மே மாதம் ஐபோன்களில் கிட்டத்தட்ட இப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான் அடி விழுந்தது. ஆங்கிலமும் அரபியும் பிற குறிகளும் கலந்த ஒரு செய்தி, அறிவிப்புப் பட்டையில் சுருக்கிக் காட்டப்படும்போது கைபேசியையே மறுதொடக்கம் செய்யவைத்தது. திருத்தம் வரும் வரை, வந்த செய்தியை சிரியை வாசிக்கச் சொல்லி, சிரி வழியாகவே பதிலனுப்புமாறு ஆப்பிள் ஒரு தற்காலிக வழி சொன்னது. செய்தியைக் கண்ணால் பார்த்தால் விழும், காதால் கேட்டால் விழாது! எழுத்தின் பொருளில் ஒன்றுமில்லை, அதை வரைவதில்தான் கோளாறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஐந்து குறியீடுகள்

வரைவது என்பது இந்திய எழுத்துகளைப் பொறுத்தவரை பெரிய வேலை. "கொ" என்பதில் ஒகரக் குறி உள்ளே ஒரே குறியீடு. திரையில் அது இரண்டாகப் பிரிந்து ககரத்துக்கு இருபுறமும் நிற்க வேண்டும். எந்தக் குறி எங்கே நகர வேண்டும், எது எதோடு ஒட்ட வேண்டும் என்று தீர்மானிக்க ஒவ்வொரு இயங்குதளத்திலும் ஒரு வடிவமைப்பு எந்திரம் இருக்கிறது. ஆப்பிளில் அதன் பெயர் கோர்டெக்ஸ்ட்.

2018 பிப்ரவரியில் அந்தக் கோர்டெக்ஸ்ட் சறுக்கியது. தெலுங்கில் "ஜ்ஞா" என்ற கூட்டெழுத்தின் ஒரு வடிவம் திரையில் வந்தால் போதும். ஐமெசேஜ், வாட்ஸ்அப், பேஸ்புக் மெசஞ்சர், ஜிமெயில் என்று வரிசையாக விழுந்தன. அறிவிப்பாக வந்தால் ஐபோனின் முகப்புத் திரையே விழுந்தது. வெவ்வேறு நிறுவனங்கள் எழுதிய செயலிகள் ஒரே எழுத்துக்கு விழுந்தால், எல்லோரும் பொதுவாகக் கூப்பிடும் ஏதோ ஒன்று விழுகிறது என்று அர்த்தம்.

அப்போது மோசில்லாவில் பணியாற்றிய மனீஷ் கோரெகாவ்கர் இந்த எழுத்தைப் பிரித்துப் போட்டு ஆராய்ந்தார். உள்ளே ஐந்து குறியீடுகள்: ஜகரம், நம் புள்ளிக்கு இணையான குறி, ஞகரம், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி, ஆகாரக் குறி. நாலாவதாக நிற்கும் அந்த மாயக் குறிக்கு உருவமோ அகலமோ கிடையாது; பக்கத்து எழுத்துகள் ஒட்டாமல் தடுப்பது அதன் வேலை. அது நின்ற இடத்தில் அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் எழுத்து சாதுவாகத் திரையில் வந்து நின்றது.

அவர் அத்தோடு விடவில்லை. ஒவ்வொரு குறியீடாக மாற்றிப் பார்த்தார். ஜகரத்துக்குப் பதில் வேறு மெய், விழுந்தது. வேறு உயிர்க்குறி, பெரும்பாலும் விழுந்தது. தேவநாகரியில் இரண்டாவது மெய் ரகரமாக இருந்தால் விழுந்தது. வங்காளத்தில் ரகரத்துக்கும் யகரத்துக்கும் விழுந்தது. தெலுங்கில் எல்லா மெய்களுக்கும். பொதுப் பண்பு தெளிவானது: முதல் மெய்யின் உருவத்தை மாற்றாமல், தான் மட்டும் உருமாறி அதன் கீழோ பக்கத்திலோ போய் ஒட்டிக்கொள்ளும் எழுத்துகள் இவை. விதிவிலக்கும் கிடைத்தது. வங்காளத்தின் ஒகரக் குறியைப் போல இரு கூறாகப் பிரியும் உயிர்க்குறி வந்தால் விழவில்லை. ஒரு தெலுங்கு எழுத்தின் விபத்தாகத் தெரிந்தது, மூன்று எழுத்துமுறைகளுக்குப் பொருந்தும் விதியாக மாறிவிட்டது. செய்ததெல்லாம், நம் அலுவலகத்தில் கேட்ட அதே வகைக் கேள்விகளை எழுத்துக்குள்ளே இறங்கிக் கேட்டதுதான்.

அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழில் மெய்யெழுத்து புள்ளியை வெளிப்படையாகச் சூடிக்கொண்டு தனியே நிற்கிறது. அடுத்த எழுத்து அதன் அடியில் போய்த் தொங்குவதில்லை. க்ஷ, ஸ்ரீ போன்ற ஒன்றிரண்டே கூட்டு வடிவம் கொள்பவை. இதை வைத்து நிம்மதியடைய முடியாது. 2020 ஏப்ரலில் இத்தாலியக் கொடி எமோஜியும் சிந்தி எழுத்துகளும் சேர்ந்து ஐபோன்களை விழவைத்தன. எந்த மொழியை எந்த எந்திரம் சோதிக்காமல் விட்டிருக்கிறதோ, அங்கே வழு காத்துக்கொண்டிருக்கும்.

விழுவது ஏன் தாமதமாகிறது

அந்தத் தெலுங்கு எழுத்து வழுவுக்கு 2018 பிப்ரவரி 19 அன்று ஆப்பிள் ஐஓஎஸ் 11.2.6 பதிப்பில் திருத்தம் வெளியிட்டது. காரணம் என்று அது சொன்னது ஒரு வரி: நினைவகச் சீர்குலைவு.

அது என்னவென்று புரிய, சிதம்பரம் மேலவீதியில் 20 அறைகள் உள்ள ஒரு லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பில் இருப்பவர் 21ஆம் எண் அறைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார். பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், இருபதாவது அறையைத் தாண்டியிருக்கும் அடுத்த கதவைத் திறந்து வைத்துவிட்டு வருகிறான். அது பக்கத்து வீட்டுக்காரரின் பூஜையறை. அந்த நேரத்தில் அங்கே யாருமில்லை என்றால் ஒரு சத்தமும் வராது. இரவு அவர் விளக்கேற்ற வரும்போதுதான் கலவரம். சத்தம் வந்த நேரமும் இடமும் தெரியும். தப்பு நடந்தது காலையில், வரவேற்பு மேசையில்.

இல்லாத 21ஆம் அறையைத் தேடிப் போன கதை கணினிகளிலும் நடந்தது. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு புதிய தரவுக் கோப்பு, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. மென்பொருள் கொடுத்தது 20 மதிப்புகள். புதிய கோப்பு 21ஆவதைக் கேட்டது. இல்லாத இடத்தைப் படிக்கப் போய் கணினியே விழுந்தது. கோப்பு வட்டிலேயே இருந்ததால் மறுபடி தொடங்கினாலும் மறுபடி விழுந்தது. ஒரு குழுவில் மாட்டிக்கொண்ட விஷச் செய்தியின் பெரிய அண்ணன் இது. மருந்தும் அதே மாதிரிதான்: மென்பொருள் விழித்துக்கொள்ளாத பாதுகாப்பு முறையில் கணினியைத் திறந்து, அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்துவிடுவது.

புகார் எழுதும் கலை

செயலி விழும்போது, கடைசியாக எந்த வரியில் இருந்தது, அந்த வரிக்கு எந்த வழியாக வந்தது என்ற பதிவை இயங்குதளம் எழுதி வைக்கிறது. ஐபோனில் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியின் கீழ் பகுப்பாய்வுத் தரவு என்று இருக்கும். விண்டோஸில் ஈவென்ட் வியூவர். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் அமைப்பில் பக் ரிப்போர்ட். நமக்கு அது புரிய வேண்டியதில்லை. செயலியை எழுதியவருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் அது விழுந்த இடத்தை மட்டும்தான் சொல்லும். சறுக்கிய இடத்துக்கு வழிகாட்ட மனிதர் எழுதும் நாலு வரி வேண்டும்.

சிதம்பரத்திலிருந்து தயாரிப்பாளருக்கு இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று: "காலையிலிருந்து ஆப் வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யவும்." மற்றொன்று: "நேற்று இரவு செயலி புதுப்பிக்கப்பட்டது. இன்று காலை முதல் 'ஏலம்' குழுவைத் திறந்தால் மட்டும் மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் மூடுகிறது. மற்ற குழுக்கள் திறக்கின்றன. பழைய பதிப்பு உள்ள நாலு கைபேசிகளில் இதே குழு திறக்கிறது. பிரவுசரில் சென்று கடைசிச் செய்தியை நீக்கியதும் சரியாகிவிட்டது. பிடிஎஃப் பில்லிலிருந்து நகலெடுத்து ஒட்டிய படகின் பெயர் அந்தச் செய்தியில் இருந்தது. அந்த பிடிஎஃப் இணைப்பில் உள்ளது."

முதல் கடிதத்துக்கு "செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவவும்" என்ற ஆயத்தப் பதில் வரும். இரண்டாவதைப் படிக்கும் பொறியாளர், படகின் பெயரைத் தன் கைபேசியில் ஒட்டி, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே செயலியை விழவைத்துப் பார்த்துவிடலாம். நினைத்தபோது விழவைக்க முடிகிற வழு பாதி திருத்தப்பட்ட வழு. மீதிப் பாதிக்குத்தான் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.